ஐயாயிரம் கேலன் தொட்டி

தினமும் காலையில் வெந்நீரில் மிளகு தட்டிப் போட்டுக் குடிப்பேன். தொண்டைக்கு நல்லது. என் பெயர் அசரியா. மேற்குத் தாம்பரத்தில் முதலாளி லோகநாதன் கட்டிய மூன்று மாடிக் கல்யாண மண்டபத்துக்கு நான்தான் மேனேஜர். என் வாக்குமூலத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், சார்.

எழுபத்து மூன்றாம் வருடம், மண்டபம் திறப்பதற்கு முன்னால், தீயணைப்பு அதிகாரி ஜெபராஜ் வந்தார். இவ்வளவு பெரிய கட்டடத்துக்குத் தரைக்கடியில் ஐயாயிரம் கேலன் தொட்டி வேண்டும், அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், ஒரு சொம்பு கூட வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்றார். லோகநாதன் கட்டினார். பூச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்க நான் ஏணி வைத்து உள்ளே இறங்கினேன். சும்மா ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தேன்.

அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு சுவரும் கூடவே பாடின. வீட்டில் நான் பாடினால் என் மனைவி சரோஜினி ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அவளுக்கு ரேடியோ ரொம்பப் பிடிக்கும்.

மறுநாள் தொட்டியை நிரப்பிவிட்டார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மோட்டாரைப் போட்டு எல்லாவற்றையும் சாக்கடையில் விட்டேன். தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் பூச்சி என்றேன். நம்பினார்கள்.

ஜெபராஜ் வருடா வருடம் சோதிக்க வருவார். அதற்காக முற்றத்து மூடிக்கு நேர் கீழே செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு அண்டா வைத்து, வழிய வழியத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். குனிந்து பார்த்தால் அவர் மீசை அதில் தெரியும்.

"ஃபுல்லா இருக்கே. வெரி குட்" என்பார். எனக்கே பெருமையாக இருக்கும்.

போன வியாழக்கிழமை முகூர்த்தம். கெட்டிமேளம் முழங்கும்போது பாடினால் யாருக்கும் தொந்தரவில்லை என்று பம்ப் ரூமில் இருக்கும் இன்னொரு மூடி வழியாகத் தொட்டிக்குள் இறங்கினேன். இரண்டாவது சரணத்தில் இருந்தபோது சமையல்கட்டில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டதாம். சமையல்காரி கிளியம்மாள் வந்து பம்ப் ரூம் கதவைத் தட்டினாள்.

"சார், பந்தலு பத்திகினு எரியுது சார். தண்ணிய தொறந்து வுடு சார்."

நன்றாகக் கேட்டது. மறைக்கவில்லை. ஆனால் இன்னும் இரண்டு சரணம் பாக்கி இருந்தது. தவிர, திறந்துவிடத் தண்ணீரே இல்லை என்று சொன்னால் பாவம், பயந்துவிடுவாள். மூன்றாவது சரணத்தைத் தொடங்கினேன். நன்றாக வந்ததால் அதையே இன்னும் ஆறேழு முறை பாடினேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஜெபராஜின் ஆட்கள் முற்றத்து மூடியைத் தூக்கிக் குழாயை இறக்கினார்கள். ஒரே மடக்கில் அண்டா காலி. குழாய் வெறும் காற்றை இழுத்து விக்கியது. பந்தல், ஐந்நூறு நாற்காலி, பெண்ணின் சீர்வரிசை, மேல்மாடி எல்லாம் போயின. மாப்பிள்ளைக்குப் புருவம் போனது. உயிர்ச்சேதம் இல்லை. எல்லோரும் தெருவில் நின்றார்கள். மேளக்காரர்களும் ஓடிவிட்டதால் நல்ல அமைதி. நான்காவது சரணம் திறந்த மூடி வழியாகத் தெளிவாக வெளியே போனது.

"ஐயோ, இது நம்ம மேனேஜர் சார் கொரலாச்சே" என்றாள் கிளியம்மாள்.

முடித்துவிட்டு ஏறி வந்தேன். தண்ணீரை வெளியேற்றியதும் நான்தான், அண்டா வைத்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்துங்கள். ஜெபராஜ் கரி படிந்த முகத்தோடு என் சட்டையைப் பிடித்து, "யோவ், உள்ள பாடினது நீயா?" என்று கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. புகையினால் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன், சார். அது புகையினால் இல்லை.