நிழல் விழாத படம்

— படத்தை விசா ஆபீஸ்ல மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. அதே காரணம்தான். பின்னால நிழல் விழுதாம்.

— நல்லாப் பாத்தீங்களாண்ணா? வேற யாரோடதாவது இருக்கப் போகுது.

— கடையில இருக்கறதே நாம ரெண்டு பேரு. எத்தனை வருஷமா விசா படம் எடுக்கறேன்! வீல்னு கத்தின குழந்தை, உக்காந்தபடியே தூங்கின பெரியவர், தாடிய எடுத்துட்டு வந்துட்டு தாடியோட படம் வேணும்னு நின்ன மாப்பிள்ளை, எல்லாரையும் எடுத்தாச்சு. ஒரு நிழல் என்னை இந்தப் பாடு படுத்தினதில்ல.

— கோவிச்சுக்காதீங்க. இன்னொண்ணு எடுங்க, ப்ளீஸ். மத்ததெல்லாம் முடிஞ்சுடுச்சு. படம் சரியாச்சுன்னா அப்பவே விசா வந்துடும்னு சொன்னாங்க. பாப்பா விமானத்துல ஏறிட்டாண்ணா.

— எத்தனை மணிக்கு எறங்கறா?

— ஏழுக்கு. அதுக்குள்ள என் விசாவைப் புதுப்பிச்சுக் குடுக்கலேன்னா, அவளை இமிக்ரேஷன்லயே நிறுத்தி அடுத்த விமானத்துல திருப்பி ஏத்திடுவாங்க. ஏழு வயசுப் பொண்ணு. அங்க போயி இறங்கினா வீட்டுக் கதவைத் தொறக்கக் கூட ஆளில்ல. எங்க அம்மாவும் ரெண்டு மாசம் முன்னால போயிட்டாங்க.

— சரி சரி, கண்ணத் தொடைங்க. கண்ணு சிவந்திருந்தா அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பானுங்க. ஸ்டூலை நல்லா முன்னால இழுத்துப் போடுங்க. திரையை விட்டு இவ்வளவு தள்ளி வந்துட்டா எந்த நிழல் எங்க விழுதுன்னு பாத்துடுவோம். தாடையத் தூக்குங்கம்மா.

— தாடையத் தூக்கிட்டேண்ணா. எடுத்துட்டீங்களா?

— எடுக்கறதுக்குள்ள கேக்கறீங்களே! ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி. தலை தானா கீழ போயிடுது பாருங்க.

— பழக்க தோஷம். ஓட்டல் லாண்டரியில நாள் பூரா துணியப் பாத்துக் குனிஞ்சே நிக்கறேன். தாடையத் தூக்கிட்டேண்ணா. எடுத்துட்டீங்களா?

— எடுத்தாச்சு. எங்க, பாப்போம்... அட.

— என்னண்ணா?

— ரெண்டு விளக்கையும் இடப்பக்கம் வச்சிருக்கேன். நிழல் வலப்பக்கம்தானே விழணும்? இடப்பக்கம் விழுந்திருக்கு. விளக்கு இருக்கற பக்கமே போயி நிக்குது.

— அப்படியும் விழுமாண்ணா?

— எங்கம்மா விழும்? இன்னொண்ணு சொன்னா பயப்படக் கூடாது. நீங்க கொண்டை போட்டிருக்கீங்க. நிழலுக்குப் பின்னல் தொங்குது.

— பின்னல் முன்பக்கமா கிடக்கா? வலது தோள் மேலயா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இன்னும் படத்தைப் பாக்கவே இல்லையே?

— ஒண்ணுமில்ல. அந்த நிழலை மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சிட முடியாதா?

— நடுவுல ஒரு தடவை அதைத்தான் செஞ்சேன். உங்ககிட்ட சொல்லல. அதுக்கு என்ன பதில் வந்துச்சு தெரியுமா? 'படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்'னு. அழிச்ச படத்துக்கு! அதுவும் போகட்டும். உங்க பாஸ்போர்ட்ல இருக்கற பழைய படத்துல மூக்குக்குப் பக்கத்துல மச்சம் இருக்கு. உங்க மூஞ்சில மச்சமே இல்ல. அது யாரும்மா?

— வெளிய சொல்லிட மாட்டீங்களே?

— சொல்லி எனக்கு என்ன பதக்கமா தரப் போறாங்க? சொல்லுங்க.

— எங்க அக்கா. வேலையும் விசாவும் அவளுக்குத்தான் கிடைச்சுது. கைக்குழந்தைய அம்மாகிட்ட விட்டுட்டுக் கிளம்பறதா இருந்தா. கிளம்பற வாரம் காய்ச்சல் வந்து போயிட்டா. பெட்டி கூட அவ கட்டி வச்சதுதான். அதை அப்படியே நான் தூக்கிட்டு வந்துட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை, யாரும் உத்துப் பாக்கல.

— அப்ப இன்னிக்கு வர்ற பாப்பா?

— அக்கா பொண்ணு. காகிதத்துல நான்தானே அம்மா?

— அடக் கடவுளே. ஆறு வருஷமா அவங்க பேர்லயா இருக்கீங்க?

— அவ பேரக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இப்ப என் சொந்தப் பேரை யாராவது கூப்பிட்டா நான் திரும்பறதில்ல. வேற யாரையோன்னு நெனச்சு நடந்துடறேன்.

— அவங்களும் உங்கள மாதிரி பயந்தாங்கொள்ளிதானா?

— அவளா? நல்லாக் கேட்டீங்க. தலை நிமிந்தே நடப்பா. யாரைப் பாத்தாலும் 'ராஜா'தான். டாக்டரும் ராஜா, கண்டக்டரும் ராஜா, எதுத்த வீட்டுப் பூனையும் ராஜா.

— பாப்பா உங்கள என்னன்னு கூப்பிடும்?

— சித்தின்னுதான். இங்க வந்து யார் கேட்டாலும் அம்மான்னு சொல்லணும்டின்னு போன்ல சொல்லிக் குடுத்தேன். மாட்டேன்னு ஒரே அடம். அப்புறம் ஒருநாள் தானாவே ஆரம்பிச்சுட்டா. ஆனா என்னைப் பாத்து இல்லண்ணா. வீடியோவுல கொஞ்சம் தள்ளி, என் தோளுக்கு மேல பாத்து 'அம்மா'ங்கறா. நான் சிரிக்காதப்போ 'அம்மா சிரிக்குது'ங்கறா.

— போதும்மா. கடையப் பூட்டிட்டு வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வரலாம், எந்திரிங்க.

— மணி என்னாச்சு?

— ஆறே கால்.

— ஐயோ. இல்லண்ணா, கடைசியா ஒண்ணே ஒண்ணு எடுங்க. நான் அவகிட்ட பேசிப் பாக்கறேன்.

— எவகிட்ட?

— அக்கா, கேக்குதா? உன் இடத்தைப் புடுங்கணும்னு நான் வரல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா உன் பொண்ணு வந்துக்கிட்டிருக்கா. இந்த ஸ்டூல்ல நான் உக்காந்தா அவளைத் திருப்பி அனுப்பிடுவாங்க. நீ உக்காருக்கா. நான் பின்னால நின்னுக்கறேன். அவ வந்து சேந்தாப் போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

— விளையாடாதீங்கம்மா.

— எடுங்கண்ணா.

— தாடையத்... அட, தானா தூக்கிடுச்சே! அப்படியே இருங்க, அசையாதீங்க. ஆச்சு. அனுப்பறேன்... சுத்துது... இன்னும் சுத்துது... ஏத்துக்கிட்டாங்க! அம்மா, ஏத்துக்கிட்டாங்க! நிழல் துளி கூட இல்ல. முகமும் பொருந்துதாம், பாருங்க, அப்படியே அந்தப் பழைய படம் மாதிரி... அம்மா, உங்க மூக்குப் பக்கத்துல...

— எங்க, காட்டுங்க. நல்லாத்தான் இருக்கேன்.

— சரி... சரி, கிளம்புங்க. லாண்டரியில லீவு சொல்லிட்டீங்களா?

— எந்த லாண்டரி? ஏர்போர்ட்டுக்கு எந்த பஸ்ல ஏறணும், அதைச் சொல்லுங்க. எனக்கு இந்த ஊர்ல ஒரு தெருவும் தெரியாது.

— என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? ஆறு வருஷமா இங்கதானே இருக்கீங்க?

— எம்பொண்ணைப் பாத்துத்தான் ஆறு வருஷமாச்சு ராஜா. கைக்குழந்தையா விட்டது. இப்ப எவ்வளவு உசரம் இருப்பாளோ! விடுங்க, தெருவுல யாரையாவது கேட்டுக்கறேன். கதவைச் சாத்திட்டுப் போறேன், காத்து வருது.

— போயிட்டா. அப்பாடா, போயிட்டா. முதல்ல இந்த விளக்கை அணைச்சுத் தொலைக்கணும்... திரையில என்ன அது, நிழலா? ஸ்டூல் காலியாத்தானே இருக்கு? அது யாரு... கொண்டை...

— தாடையத் தூக்கிட்டேண்ணா. எடுத்துட்டீங்களா?