மெர்ல் கேட்ட நல்ல குழல்

எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டதே இல்லை, ஐயா. இந்த வயதிலும் ஊசியில் நானேதான் நூல் கோக்கிறேன். அந்தக் கண்ணுக்குத்தான் தொழிற்சாலையில் சம்பளம் கொடுத்தார்கள்.

எங்களுடையது மலிவான வேட்டைத் துப்பாக்கி. பென்சில்வேனியாவில் லாரி ஓட்டுபவனும் வாங்கலாம். துப்பாக்கிக் குழலுக்கு எஃகுத் தண்டைத் துளைத்து, துளைக்குள் எஃகைவிடக் கடினமான ஒரு உலோகக் குமிழை இழுத்தால், தோட்டாவைச் சுழலவைக்கும் சுருள் வரிகள் உள்ளே பதிந்துவிடும். எஃகில் மெல்லிய விரிசல் இருந்தால் அந்த இழுப்பில் அது வளரும். சோதனைக்குச் சுட்ட பிறகு குழல்கள் என் மேசைக்கு வரும். காந்தமேற்றி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த நீர் ஊற்றி, ஊதா விளக்கில் பார்த்தால் விரிசல் பச்சையாக மின்னும்.

விரிசல் என்று நான் ஒதுக்கியவற்றையும் ஃபோர்மேன் மெர்ல் எடுத்து விற்பனைக்கு அனுப்பிவிடுவான். கேட்டால் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் நக்கல். "ஏம்மா ராபர்ட்டா, மான் என்ன, குழலைப் பார்த்துட்டா சாகப்போகுது?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அக்டோபரில் அதே மெர்ல் தனியாக வந்தான். மகள் டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டதாம், முதல் வேட்டையாம். "நல்ல குழலா ஒண்ணு எடுத்துக் கொடு. நீ பார்த்துட்டேன்னா எனக்கு நிம்மதி" என்றான், குரலைத் தாழ்த்தி.

ஊரார் பிள்ளைக்கு ஏதோ ஒன்று, தன் பிள்ளைக்கு மட்டும் என் கண். என்ன கொழுப்பு பாருங்கள். நான் கத்தவில்லை. விரிசலுக்காக ஒதுக்கி வைத்தவற்றிலிருந்து ஒன்றை எடுத்து, துடைத்து, எண்ணெய் பூசிக் கொடுத்தேன். வெறும் கண்ணுக்குப் பட்டுப்போல இருந்தது.

வேட்டை தொடங்க இரண்டு நாள் இருக்கையில் டெல்லா ஓட்ஸ் பிஸ்கட் சுட்டு எடுத்து வந்தாள். "அப்பா சொன்னாரு, நீங்கதான் எனக்குன்னு பார்த்துக் கொடுத்தீங்களாம்" என்றாள். நல்ல பெண். பிஸ்கட்டில் இனிப்பு சற்றுக் கூடுதல், ஆனாலும் தின்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் குழலை மாற்றியிருப்பான், மறுநாள் பழையபடி சிரித்திருப்பான். அவனுக்கு எப்படிப் புத்தி வரும்?

ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். டெல்லாவின் சாவைக் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குழல் உங்களிடம்தானே இருக்கிறது? ஒரு தடவை காட்டுங்கள். விரிசல் தோட்டா உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால், இடப்பக்கம். நான் சொன்ன இடத்தில்தானே வெடித்தது?