முதலில் ஓடுகிறவர்

லீக் கமிட்டி எனக்கு அனுப்பியிருக்கும் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. போன வருடம் கடைசி இடத்தில் முடித்து, அணியை அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்த நாங்கள், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் இரண்டு வாய்ப்புகளையும் விட்டுக்கொடுத்து, முப்பத்திரண்டு வயதுத் தடுப்பாட்டக்காரர் ஒருவரை ஏன் வாங்கினோம் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. மஸ்கட்டிலுள்ள ரூவி அணியின் மேனேஜர் என்ற முறையில் நான், சேதுமாதவன், பதில் எழுதுகிறேன்.

ஓமானில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் எட்டு அணிகளாக வெள்ளிக்கிழமைகளில் ஹாக்கி ஆடுகிறோம். செப்டம்பரில் புதிதாக வந்தவர்கள் பெயர் கொடுப்பார்கள். கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் தேர்ந்தெடுக்கலாம். அந்த வாய்ப்பை வேறு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு அவர்களிடமிருந்து ஓர் ஆளை வாங்கிக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது.

எங்கள் கூட்டத்தில் கௌரிசங்கர்தான் எதிர்த்தார். எங்கள் அணியின் மூத்த ஆட்டக்காரர், நாற்பத்து நான்கு வயது, வங்கி வேலை.

"சார், நாம இப்ப ஜெயிக்கற டீம் இல்ல. மூணு வருஷம் பொறுத்தா சின்னப் பசங்களே நல்லா வந்துடுவாங்க. முட்டி மோதற ஆளு, எல்லாம் கையில இருக்கற டீமுக்குத்தான் வேணும். நமக்கு எதுக்கு?" என்றார்.

சின்னப் பையன்கள் அடி வாங்கியே வளர்ந்துவிட மாட்டார்கள், அவர்களுக்கு முன்னால் நிற்க ஒருவர் வேண்டும் என்றேன். போன சீசனில் இரண்டு பேர் பயந்துபோய் ஆட்டத்தையே விட்டார்கள் என்பதைச் சுட்டிக்காட்டினேன். நான்குக்கு மூன்று என்ற கணக்கில் என் பக்கம் முடிவானது. அந்த வாதத்தில் இன்றுவரை எனக்குக் குறை தெரியவில்லை.

கூட்டத்தில் நான் சொல்லாதது ஒன்று உண்டு. பெனால்டி கார்னரில் எதிரணிக்காரர் பந்தைக் கோலை நோக்கி மட்டையால் வேகமாக அடிப்பார். தடுக்கும் அணியிலிருந்து ஒருவர் கோல் கோட்டிலிருந்து புறப்பட்டு நேராக அவரை நோக்கி ஓட வேண்டும். பந்து வரும் வழியில் தன் உடம்பைக் கொடுப்பதுதான் அவர் வேலை. முகத்துக்கு மாஸ்க், முழங்காலுக்குத் தடுப்பு, அவ்வளவுதான். போன சீசன் முழுக்க அந்த இடத்தில் ஓடியது என் மகன் ஷ்யாம். பத்தொன்பது வயது. மார்ச் மாதம் அவனுடைய இரண்டு விரல்கள் உடைந்தன. என் மனைவி பிருந்தா அவன் கைக்கட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஒண்ணு, இவன் ஆடவே கூடாது. இல்ல, அந்த எடத்துல வேற யாரையாவது ஓட விடுங்க" என்றாள். தாயாக அவள் கேட்டதில் தவறில்லை.

வேறு யாராவது என்று தேடியபோது கிடைத்தவர் கார்மேகம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். சோஹாரில் ஒரு கட்டுமான சைட்டில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார். சோஹார் அணிக்காக அவர் கார்னருக்கு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். ஓடும்போது தலையைத் திருப்பவே மாட்டார்.

அவர் இருந்த கம்பெனியும் நான் வேலை செய்வதும் ஒரே குழுமம். அவரை மஸ்கட் கேம்ப்புக்கு மாற்றி, சாரத்திலிருந்து இறக்கி ஸ்டோர் டூட்டி வாங்கிக்கொடுத்தேன். ஏழு வருடம் வெயிலில் கம்பத்தின் மேல் நின்ற மனிதர். ஸ்டோருக்குள் ஏசி இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம், "உள்ள இருக்கதுக்கே வெக்கமா இருக்கு சார். ஒரு வேலையுஞ் செய்யாத மாதிரி இருக்கு" என்றார். பிறகு நான் எது சொன்னாலும் அவர் மறுத்ததில்லை.

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நாங்கள் நான்கு ஆட்டங்கள்தான் தோற்றோம். ஷ்யாம் முன்வரிசைக்குப் போய்ப் பதினொரு கோல் அடித்தான். ஆட்டம் முடிந்ததும் கார்மேகம்தான் முதலில் போய் அவனைத் தூக்குவார். "தம்பி கையில பந்து பேசுது சார்" என்பார். ஷ்யாமுக்குத் தமிழ் கொஞ்சம் திணறும். ஆனாலும் அவரிடம் மட்டும் தமிழிலேயே பேசுவான். அண்ணா என்று கூப்பிடுவான்.

பிப்ரவரி ஆட்டம் ஒன்றில் பந்து மாஸ்க்கின் ஓரத்தைத் தாண்டி அவர் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தார், எழுந்தார், மிச்ச நேரமும் ஆடினார். திரும்பும் வழியில் வேனில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என்னிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். மூளை அதிர்ந்திருக்கிறது, ஆறு வாரம் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது, ஆறுவதற்குள் இன்னொரு சிறிய அடி பட்டாலும் மூளை வீங்கி உயிர் போகலாம் என்றார். அதையே கடிதமாகவும் எழுதிக்கொடுத்தார். கார்மேகத்திடம் தானே இந்தியில் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே தமிழில் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

வெளியே பெஞ்சில் கார்மேகம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் எழுதியிருக்காக?"

"ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

"அவ்வளவுதானா? நான் பயந்துட்டேன் சார்" என்று சிரித்தார்.

கடிதத்தை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அரையிறுதிக்குப் பதினான்கு நாள் இருந்தது. அவர் ஓடாவிட்டால் கோச் ஷ்யாமைத்தான் கோட்டில் நிறுத்துவார். கார்மேகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே ஓடுவதாகக் கௌரிசங்கர் சொன்னார். அவர் வேகம் போதாது என்று நான்தான் மறுத்தேன். அந்தப் பதினான்கு நாளும் கார்மேகத்துக்குத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொடுத்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அரையிறுதியின் இடைவேளையில் அவர் என்னிடம் வந்தார். அவராக வந்து கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"சார், வெளிச்சம் கண்ணைக் கூசுது. பந்து ரெண்டா தெரியுது. அடுத்த கார்னருக்கு மட்டும் வேற ஆரையாச்சும் ஓடச் சொல்லுதீகளா?"

நான் கோபப்படவில்லை. தோளில் கை வைத்தேன்.

"ஸ்டோருக்கு வேற ஆளக் கேட்டுட்டு இருக்காங்க, கார்மேகம். நான்தான் உங்களுக்காகப் பேசிட்டு இருக்கேன்."

"சரி சார், நான் ஓடுதேன்" என்று சொல்லிவிட்டு மாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கார்னரில் பந்து அவர் தோளில்தான் பட்டது. பலமான அடிகூட இல்லை. பக்கவாட்டில் சாய்ந்து, தலை தரையில் ஒரு முறை மோதியது. எழுந்திருக்கவில்லை. ஷ்யாம் மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வரும்வரை "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கார்மேகம் இறந்தார். விபத்து என்று எழுதினார்கள். முன்பு பட்ட அடியைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஊருக்கு நான்தான் போன் செய்தேன். அவர் மனைவி ஜோதிமணியால் பேச முடியவில்லை. தாயார் சரசு போனை வாங்கினார்.

"கடைசியா எம்புள்ள பக்கத்துல ஆருய்யா இருந்தா?"

"நான் இருந்தேம்மா."

"நீங்க இருந்தீகளா. அப்பச் சரிய்யா. உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுவான், சார் இருக்க வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்லன்னு."

அவர் பெட்டியை நானே கட்டினேன். இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஷ்யாமின் பழைய கையுறை. மாத்திரை அட்டைகள் தலையணைக்கு அடியில் அப்படியே இருந்தன. நான் கொடுத்ததில் பாதியைக்கூட அவர் விழுங்கவில்லை. எனக்காக மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டரின் கடிதத்தை ஷ்யாம் என் மேசையில் பார்த்துவிட்டான். தேதியைப் படித்தான். "அப்பா, யூ நியூ?" என்றான். ஆமாம், தெரியும் என்றேன். எதற்காக என்பதையும் சொன்னேன். நன்றி சொல்வான் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவன் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து ஐந்து வாரமாக அவன் என்னோடு பேசவில்லை. பிருந்தாவும் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

அந்தக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கார்மேகம் இறக்கக்கூடும் என்று தெரிந்தே அவரை ஓட வைத்தேன். இதில் கௌரிசங்கருக்கோ கோச்சுக்கோ பங்கு கிடையாது. கமிட்டி என்னைத் தடை செய்யலாம், போலீஸிடமும் சொல்லலாம். எதையும் மறுக்க மாட்டேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை கௌரிசங்கர் மைதானத்திலிருந்து போன் செய்தார். "உங்க பையன் கார்னருக்கு ஓடறான் சார். மாஸ்க் போட மாட்டேங்கறான். பந்தைப் பாத்தும் ஒதுங்க மாட்டேங்கறான். சொன்னா காதுலயே வாங்கல" என்றார். நான் போவதற்குள் அவன் புருவம் கிழிந்திருந்தது. ரத்தத்தோடு மறுபடியும் கோட்டில் போய் நின்றுகொண்டிருந்தான். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

கமிட்டி தலையிட்டு அவனைத் தடுக்க வேண்டும். பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளையை அந்த இடத்தில் ஓட விடுவது பெரிய பாவம். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.