மச்சான் எழுதி முடிக்கட்டும்

அவையை அன்பால் ஆளும் தலைவர் அம்மையார் லோகேஸ்வரி அவர்களே! ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை உதறிவிட்டு, கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்த பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பிள்ளையிடமிருந்து பிடுங்கிய கைப்பேசியையும் வைத்திருக்கும் தாய்மார்களே! வாசகர் வட்டத்தின் வாடாத உறவுகளே! பண்டமாரான் வேலாயுதத்தின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

டேப்லட்டில் எழுத எந்தச் செயலி சிறந்தது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பட்டியல் எழுதப் பேனாவைத் திறந்தவர்கள் மூடி வையுங்கள். நான் என் மச்சான் நாகையாவைப் பற்றிப் பேச வந்தேன்.

நாகையா என் தங்கை அமுதவள்ளியின் கணவர். துறைமுகத்தில் லோரிகளை வரிசையில் நிறுத்துபவர். குரலா அது? வாயிலில் நின்று கூப்பிட்டால் கடைசி லோரிக்காரன் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில் புற்று வந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் பேச்சில்லாமல் வீடு திரும்பினான். நான் அழுதேன் ஐயா, வெட்கமில்லாமல் அழுதேன்.

அவருடைய மகள் தாமரை ஒரு டேப்லட்டும் அதில் எழுதும் பேனாவும் வாங்கினாள். கடைக்காரர் இர்ஃபான் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். "அங்கிள், இதுல எல்லாமே இருக்கு லா!" என்றார். உண்மைதான். நாற்பது வகைப் பேனா, அறுபது வகைத் தாள். மச்சான் தாளைத் தேர்ந்து, பேனாவைத் தேர்ந்து, நிறத்தைத் தேர்ந்து நிமிர்வதற்குள் வீட்டில் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த செயலி அதிபுத்திசாலி. கையெழுத்தை அழகான அச்செழுத்தாக்கும். இரண்டெழுத்து எழுதினால் மீதியைத் தானே முடிக்கும். ஒரு நாள் என் தங்கை அலைபேசியில் அழுதாள். "அண்ணே, சோறு வேணாம்னு எழுதிக் காட்டுறாரு. கோவமா, பசியில்லையான்னே தெரியல. எல்லா எழுத்தும் ஒரே மாதிரி இருக்கு!" கோபத்துக்கு ஓர் உயரம் உண்டல்லவா? கொஞ்சலுக்கு ஒரு வளைவு உண்டல்லவா? அத்தனையையும் அது இஸ்திரி போட்டுவிட்டது. அவர் நினைக்காத சொல்லையும் அவர் பெயரில் எழுதியது. மச்சான் பேனாவைத் தூக்கி எறிந்தார்.

கடைசியில் தாமரை ஒன்றைக் கண்டுபிடித்தாள். உறையைத் திறந்தால் வெள்ளைத் தாள். ஒரே பேனா. மாற்றாது, திருத்தாது, முந்திக்கொள்ளாது. அன்று மச்சான் எழுதிய முதல் வரி என்ன தெரியுமா? "கோப்பி கசக்குது." அந்த இரண்டே சொல்லை ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாக எழுதியிருந்தார். அது அவருடைய சத்தம்!

கதை அங்கே முடிந்திருந்தால் நான் நல்லவனாகத் தப்பியிருப்பேன்.

போன ஆவணியில் தாமரைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பிரவின். தட்டு மாற்றுவதற்கு முன் சபையில் பெரியவர் இராமலிங்கம் கேட்டார்: "பொண்ணக் குடுக்கச் சம்மதமா?" தகப்பன் வாய் திறந்து சொல்ல வேண்டிய இடம் அது. மச்சான் உறையைத் திறந்தார். எழுதத் தொடங்கினார். எழுத்தெழுத்தாக, நிதானமாக எழுதினார். சம்பந்தி வீட்டார் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மைக் என் கையில் இருந்தது. மைக் கையில் இருந்தால் நான் யார்? உங்களுக்குத் தெரியும்!

"மச்சான் சார்பாகத் தாய்மாமன் சொல்கிறேன்..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, மைக்க கீழ வைங்க. அவரு எழுதிக்கிட்டு இருக்காரு."

என் தங்கை சபையில் என்னை அதட்டியது அதுவே முதல் முறை. வைத்தேன். முந்நூறு பேர் காத்திருந்தோம். மச்சான் எழுதி முடித்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"மொதல்ல தாமரைய கேளுங்க."

யாரும் அவளைக் கேட்கவில்லை, தாய்மார்களே! நானும் கேட்கவில்லை. பெரியவர் தடுமாறி அவள் பக்கம் திரும்பினார். "எனக்குச் சம்மதம்" என்றாள் தாமரை, அழுதுகொண்டே. மச்சான் தன் வரிக்குக் கீழே ஒரே சொல் எழுதினார்: "எனக்கும்."

நான் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முழங்கியிருப்பேன்; கைதட்டியிருப்பார்கள்; தட்டு மாறியிருக்கும். ஒரு தகப்பனின் கேள்வி பாதி எழுத்தில் செத்திருக்கும். முந்திக்கொண்டு முடித்த அந்தச் செயலியை அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேனே, அது என் வாயில் அல்லவா குடியிருந்தது!

ஆகவே நல்ல செயலியைத் தேடுங்கள். எழுதுகிறவர் கைக்கு வழிவிடுவது எதுவோ, அதுவே நல்லது. அது கிடைத்த பிறகு, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை நாம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்போமா? முப்பது ஆண்டுகள் மேடையில் பேசியவன் கேட்கிறேன், காத்திருப்போமா?

இவ்வளவு நேரம் என்னை இடைமறிக்காமல் பேசவிட்டீர்கள். அந்தப் பொறுமைக்கு நன்றி. அதில் பாதியை வீட்டிலிருப்பவர்களுக்கும் கொடுங்கள். வணக்கம்.