சாட்சி சொன்ன மறுநாள்

"வேலை போனது எனக்கு. உன்னை மன்னிக்க ஆண்டவர் யாரு?"

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் காலை பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் இப்படிக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். அந்த அம்மாளின் பக்கத்தில், ஷூ கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இளம்பெண். வேறு இடம் காலியாக இருந்திருந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கவே மாட்டார்கள்.

"அப்படிப் பேசாதக்கா. நேத்து சர்ச்சுல, சபை முன்னாடி நின்னு அழுது சாட்சி சொன்னேன். இயேசுவோட ரத்தம் என் பாவத்தைக் கழுவிடுச்சு."

"இன்னா பாவம்னு சொன்னியா?"

"ஒரு தப்பு பண்ணிட்டேன்னு சொன்னேன்."

"அவ்ளோ தோலைத் தப்பா வெட்டினது நீ. சூப்பர்வைசர் கேட்டப்ப என்னைக் கை காட்டினே. அதைச் சொன்னியா?"

பள்ளிகொண்டா தாண்டும்போது அந்தப் பெண் அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்க்கா."

"அவருக்குத் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியாதே. நியாயத்தீர்ப்பு அன்னிக்கு உலகத்துக்கே முன்னாடி சொல்லத்தான் போறே. இன்னிக்கு அந்த ஒருத்தர்கிட்ட சொல்லு. போன் போடு."

"எனக்கும் வேலை போய்டும்க்கா."

"போடு."

அந்தப் பெண் எண்ணை அழுத்திப் போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மடியில் இறக்கினாள்.

"டவர் இல்லக்கா."

அவள் மடியிலிருந்து ஓர் ஆண்குரல், பின்சீட்டில் இருந்த எனக்கே கேட்கும்படி, "ஹலோ, யாரும்மா? ஹலோ, சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.