மூன்றாவதும் அதே கம்பனிக் கார்தான்

வழியில் நின்றுபோகும் கார் என்று தெரிந்தும் சிலர் ஏன் அதே கம்பனிக் காரையே திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் முன் இருக்கைத் தம்பதி கார் வாங்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“மூண்டாவதும் அதே கம்பனிதான். கலியாணத்துக்கே அதிலைதானே வந்தனாங்கள்,” என்றார் கணவர்.

“ஓம், கோயில் வாசலிலை நிண்டுபோச்சு. கூறைச் சேலையோடை நானும் தள்ளினனான்.”

“தள்ளினாலும் வீட்டுக்கு வந்து சேர்ந்தம்தானேயப்பா.”

“அடுத்த மாசம் மகளைப் பிள்ளைப்பெறுவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். அவளையும் தள்ளச் சொல்லுவியளோ?”

“அப்ப வேறை கம்பனி பாப்பமோ?”

“வேண்டாம், பிறகு வருசம் முழுக்க முகத்தைத் தூக்கி வைச்சிருப்பியள். அதையே வாங்குங்கோ. ஆனா இனிக் காரை ஓடுறது நான், தள்ளுறது நீங்கள்.”

என் கணவரும் அந்தக் கம்பனிக் காரைத்தான் வாங்க நிற்கிறார். எங்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. நான் அவரைத் தடுக்கவா, கார் ஓட்டப் பழகவா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.