லீவு முடியற வரைக்கும் கண்ணு பத்திரம்

...படிச்சுப் படிச்சுச் சொன்னேம்மா, கேட்டாங்களா? லீவு விட்டாச்சு, கண்ணு பத்திரம், கண்ணு பத்திரம்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேன். யாரு கேக்குறா? இப்ப பாரு, ஊரே லீவுன்னு ஜாலியா சுத்துது, நான் கண்ணாஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து மருந்து வாசனைய மோந்துக்கிட்டு இருக்கேன்.

ஏய், நீ கண்ணத் தெறக்காத! சொட்டு மருந்து விட்டிருக்காங்கல்ல, சிஸ்டர் வந்து சொல்ற வரைக்கும் மூடியே இருக்கணும். எழுந்திருக்கவும் செய்யாத, சுவத்துல போயி முட்டிப்ப. காதுக்கு ஒண்ணும் மருந்து விடலியே, சும்மா கேட்டுக்கிட்டு இரு. காலேஜ் பொண்ணா? சரி சரி, தலைய ஆட்டாத, மருந்து வழியுது.

உள்ள இருக்கறது எங்க வீட்டுக்காரரு. பஸ் டிரைவரு. மலைமேல போற பஸ்ஸு, வளைவுக்கு வளைவு எதுத்தாப்புல லாரி வரும். அந்த மனுஷனுக்குக் கண்ணுதாம்மா பொழப்பு. இப்ப வலது கண்ணு புகை மூட்டம் மாதிரி இருக்குங்கறாரு. பார்வை சரியில்லன்னு டாக்டர் எழுதிட்டா ஸ்டியரிங்கத் தொட விடுவாங்களா? கண்டக்டரா போலாம்னா, நாலு பேரு சேர்ந்தாப்புல பேசினாலே அவருக்குத் தலவலி வந்துடும். என்னோட எப்படிக் குடும்பம் நடத்துறாருன்னு கேக்காத.

எப்படி அடிபட்டுச்சா? பந்து. பந்துதான். பசங்க பந்து சுவத்துல பட்டுத் திரும்பி... அது கெடக்கட்டும், முதல்லருந்து சொல்றேன்.

பள்ளிக்கூடம் லீவு விடறதுக்கு முன்னாடி ஒரு கண்ணு டாக்டரம்மா வந்து பெத்தவங்களுக்கெல்லாம் பேசினாங்க. மத்ததுங்க எல்லாம் போன நோண்டிக்கிட்டு இருந்துச்சுங்க. நான் ஒருத்திதான் முன் வரிசையில உக்காந்து கேட்டேன். அம்பு வில்லு வேணாம், குண்டு போட்டுச் சுடற பொம்மத் துப்பாக்கி வேணாம், கேஸ் அடைச்ச சோடா பாட்டில மூஞ்சிக்கு நேரா தெறக்காதீங்க, சுவத்துல ட்ரில்லு போட்டா கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுங்க... அப்படியே மனப்பாடம்!

வந்த ஒடனே வேலைய ஆரம்பிச்சுட்டேன். நாத்தனாரு குடும்பத்தோட லீவுக்கு வந்திருந்தாங்க. அவங்க பசங்க, எங்க பசங்க, வீடு முழுக்கக் கூத்து. அம்பு வில்லப் புடுங்கினேன். துப்பாக்கியப் புடுங்கினேன். பென்சிலெல்லாம் மொனை மழுங்க தரையில தேச்சுக் குடுத்தேன், ஒரு வாரமா பசங்க வரையற யானைக்கும் ஆட்டுக்கும் வித்தியாசமே தெரியல. நாத்தனாரு ஸ்வெட்டர் பின்ற ஊசி இருக்கு பாரு, இத்தாம் பெருசு! அதையும் எடுத்து வெச்சுட்டேன். ஸ்வெட்டரு ஒத்தக் கையோட தொங்குது. அன்னிலருந்து அவங்க என்னோட பேசறதில்ல, என்னப் பத்தித்தான் பேசறாங்க. அதோ, ஜன்னல் பக்கம் போனும் கையுமா நிக்கிறாங்க பாரு... சரி, நீ எங்க பாப்ப. "என் தம்பி வீட்டுல இருந்தா அடிபடாம எப்படி இருப்பான்"னு சொந்தக்காரங்க ஒருத்தர் பாக்கி இல்லாம தகவல் போயிட்டு இருக்கு.

அவங்களுக்கு என்ன தெரியும்? அடிபட்ட ஒடனே வெந்நீர்ல துணிய முக்கி வெச்சு அழுத்துன்னாங்க. நான் விடுவேனா? கசக்காதீங்க, அழுத்தாதீங்கன்னு அவரு கையப் புடிச்சுக்கிட்டேன். ஒரு பேப்பர் கப்ப கண்ணு மேல படாம கவுத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டி, ஆட்டோவுல ஏத்தினேன். உள்ள வந்ததும், யாரு இது கட்டினதுன்னு கேட்டு சிஸ்டரே மெச்சிக்கிட்டாங்க.

எங்க விட்டேன்? ஆங், புடுங்கினதெல்லாம். தகரப் பெட்டியில போட்டேம்மா. பெட்டிக்குத் தாப்பா இல்ல. பசங்க தெறந்துட்டா? அதான் அவரு பஸ் மேல சாமான் கட்டற ரப்பர் கயிறு கெடந்துச்சு, ரெண்டு மொனையிலயும் இரும்புக் கொக்கி. பெட்டிய ரெண்டு சுத்து சுத்தி, கால வெச்சு மிதிச்சு, பல்லக் கடிச்சு இழுத்து மாட்டினேன் பாரு... எந்தப் புள்ளையாலயும் அசைக்க முடியாது. தூக்கி பீரோ மேல வெச்சாச்சு.

இன்னிக்குக் காலையில மூஞ்சி பாக்கற கண்ணாடி மாட்டறதுக்கு சுவத்துல ஓட்டை போடறேன்னு ட்ரில்லிங் மெஷினோட நின்னாரு. கண்ணுக்குக் கண்ணாடி போடாம அதத் தொட்டீங்க, நடக்கறதே வேறன்னேன். வீட்டுல எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், பட்டறையில போடுவாங்களே, அந்தக் கண்ணாடி. எங்கடின்னாரு. பசங்க கீறிடும்னு பெட்டிக்குள்ளதான் வெச்சிருக்கேன், போய் எடுங்கன்னேன். கல்யாணமானதுலருந்து இன்னிக்குத்தாம்மா மறுபேச்சு பேசாம என் சொல்லக் கேட்டாரு. ஸ்டூலப் போட்டு ஏறி, அண்ணாந்து பாத்துக்கிட்டே கொக்கிய...

என்ன? பந்து எப்ப வந்துச்சா?

கண்ண மூடிக்கிட்டுக் கேள்வி மட்டும் நல்லா கேக்குற நீ!

...கிட்ட வா. மெதுவா சொல்றேன். பந்து வரல. ஆட்டோவுல வரும்போது அவருதான் காதோட சொன்னாரு, "பந்துன்னு சொல்லிக்கலாம் விடு, அக்காவுக்குத் தெரிஞ்சா உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடும்"னு. ஒத்தக் கண்ணுல தண்ணி கொட்டுது, அந்த நேரத்துலயும் மனுஷனுக்கு அந்தக் கவல. நானும் சரின்னுட்டேன். ஆஸ்பத்திரி சீட்டுலயும் பந்துன்னே எழுதியாச்சு. எதுல பட்டா என்ன, கண்ணு கண்ணுதானே? டாக்டர் பாத்து மருந்து குடுக்கப் போறாரு...

கயிறப் பத்தி அந்த டாக்டரம்மா சொல்லவே இல்லம்மா. இல்ல, நடுவுல ஏதோ சொன்னாங்க... அப்ப நான் பக்கத்து சீட்டு அம்மாவுக்கு அம்பு வில்லப் பத்தி வெளக்கிக்கிட்டு இருந்தேன்.

இரு, சிஸ்டரு வர்றாங்க. உனக்கா எனக்கா?

என்ன சிஸ்டர்? நான்தான் டிரைவர் வீட்டம்மா... உள்ளயா? கண்ணுக்குள்ளயே ரத்தம் எறங்கியிருக்கா?... பந்து பட்டா இமை இப்படிக் கிழியாதுங்கறாங்களா... ஆமாமா, இமையில கீறல் இருக்குதான்... அவரு என்ன சொல்றாரு? இன்னும் பந்துங்கறாரா! டாக்டர் அத்தன தடவ கேட்டுமா?... சரியா சொன்னாத்தான் எந்த டெஸ்ட்டு எடுக்கணும்னு தெரியுமா? இரும்பு கிரும்புன்னா வேற மாதிரி பாக்கணுமா? தப்பா சொன்னா பார்வைக்கே...

ஐயோ, இந்த மனுஷன் எனக்காக கண்ண விட்டுருவாரு போலருக்கே!

நாத்தனாரு வேற இந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. ஏம்மா, கைய விடு, நான் போகணும்... ஓ, நான்தான் உன் கையப் புடிச்சிருக்கேனா?

சிஸ்டர், நில்லுங்க! பந்து இல்ல. கயிறு. பஸ் மேல கட்டற ரப்பர் கயிறு, இரும்புக் கொக்கி வெச்சது. அவுக்கும்போது விசிறி அடிச்சு, கொக்கியே நேரா கண்ணுல பட்டுச்சு. துருப் புடிச்ச கொக்கி சிஸ்டர், அதையும் சொல்லிடுங்க. யாரு கட்டினதா? நான். நான்தான் மிதிச்சு இழுத்துக் கட்டினேன். நடங்க, டாக்டர்கிட்ட நானே சொல்றேன்.

என்ன அண்ணி, போன ஏன் காதுலருந்து எடுத்துட்டீங்க? லைன்ல யாரு, பெரியம்மாவா? வெச்சுடாதீங்க, அவங்களுக்குச் சரியா கேட்டிருக்காது. நான் இன்னொரு தடவ சத்தமா சொல்றேன்!